மூடிப்போன கேம் கம்பெனியின் பெயரில் ரசிகர் தளமா? டவுன்லோட் பட்டனைத் தொடும் முன் பார்க்க வேண்டியவை

மதுரையில் சின்னக் கடைகள், டிராவல்ஸ், ஒன்றிரண்டு பள்ளிகள் என்று பலருடைய வெப்சைட்டையும் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. வெப்சைட் வேலை என்றால் டிசைன், கலர் என்று நினைப்பார்கள். உண்மையில் பெரும்பாலான நேரம் போவது டொமைனுக்கு, அதாவது வெப்சைட்டின் முகவரிக்கு, பணம் கட்டச் சொல்லி நச்சரிப்பதில்தான். "அடுத்த வாரம் பாத்துக்கலாம் தம்பி" என்று சொல்லும் அண்ணாச்சிகளிடம், அந்த அடுத்த வாரத்துக்குள் என்னவெல்லாம் நடக்கலாம் என்று சொல்லிச் சொல்லியே டொமைன் காலாவதி விவகாரம் எனக்கு மனப்பாடமாகிவிட்டது. இன்னொரு பக்கம், பிரவுசிங் சென்டரில் மணிக்கு 20 ரூபாய் கொடுத்து ஐஜிஐயும் ரோட் ராஷும் ஆடிய கூட்டத்தில் நானும் ஒருவன். அதனால் சொந்தக்காரப் பிள்ளைகளுக்குப் பழைய கேம் வேண்டுமென்றால் லிங்க் முதலில் என் வாட்ஸ்அப்புக்குத்தான் வரும்.

அப்படி வருபவற்றில் ஒரு ரகம் இப்போது அடிக்கடி கண்ணில் படுகிறது. கேமைச் செய்த கம்பெனி இழுத்து மூடி வருஷக்கணக்காகியிருக்கும். ஆனால் அந்தக் கம்பெனியின் பெயரில், சில சமயம் அதன் சொந்தப் பழைய முகவரியிலேயே, பளிச்சென்று ஒரு தளம் நிற்கும். மேலே பழைய லோகோ. நடுவில் பெரிய பச்சை டவுன்லோட் பட்டன். அடியில் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்க வேண்டிய எழுத்தில், "இது ரசிகர்கள் நடத்தும் தளம்". இந்த மூன்றும் ஒரே இடத்தில் இருந்தால் நான் பட்டன் பக்கமே போக மாட்டேன். முகவரியின் பூர்வீகத்தைத் தோண்டிப் பார்ப்பேன். பக்கத்தின் தோற்றத்தை யாரும் ஒரு மணி நேரத்தில் காப்பி அடித்துவிடலாம். முகவரி இதுவரை யார் யார் கையில் இருந்தது என்பதை மறைப்பது அவ்வளவு சுலபமில்லை.

முகவரி எப்படி அடுத்தவர் கைக்குப் போகிறது

டொமைனை யாரும் சொந்தமாக வாங்கிவிடுவதில்லை. ஒரு வருஷத்துக்கோ, அதிகபட்சம் 10 வருஷத்துக்கோ பதிவு செய்கிறோம், அவ்வளவுதான். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட செல் நம்பர் சில மாதம் கழித்து வேறொருவருக்குப் போய், உங்கள் பேங்க் மெசேஜ் எல்லாம் அவருக்குப் போகுமே, கதை அதேதான்.

டாட் காம் முகவரிகளுக்கு நடைமுறை இப்படி. தேதி முடிந்த பிறகும், பதிவு நிறுவனத்தைப் பொறுத்து 45 நாள் வரை புதுப்பிக்க இடம் தருவார்கள். அதையும் விட்டால் 30 நாள் மீட்புக் காலம்; இதில் அபராதம் மாதிரி ஒரு பெரிய தொகை கேட்பார்கள். அதுவும் போனால் 5 நாள் அழிப்புக்குக் காத்திருக்கும் நிலை. அப்போது யார் வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. பிறகு முகவரி பொதுவுக்கு வரும். அந்த நொடியில் கவ்விக்கொள்ள மென்பொருளை ஓட்டிக் காத்திருக்கும் நிறுவனங்களே இருக்கின்றன. இந்த வியாபாரத்துக்கு டிராப் கேச்சிங் என்று பெயர்.

இன்னொரு வழியும் உண்டு, அதைத்தான் பலர் கவனிப்பதில்லை. பல பதிவு நிறுவனங்கள் காலாவதியான பெயரை அழியவிடாமல், கெடு முடியும் முன்பே ஏலத்துக்கு விட்டுவிடுகின்றன. அப்படிக் கை மாறும் பெயர் பதிவேட்டில் ஒருநாளும் சாகவே இல்லை. இது ஏன் முக்கியம் என்று கீழே வரும்.

சின்னக் கம்பெனிதான் இப்படிக் கோட்டை விடும் என்றில்லை. 1999 கிறிஸ்துமஸ் சமயத்தில் மைக்ரோசாஃப்ட், ஹாட்மெயில் லாகின் நம்பியிருந்த பாஸ்போர்ட்.காம் முகவரியைப் புதுப்பிக்க மறந்து, வெளியாள் ஒரு லினக்ஸ் புரோகிராமர் தன் கார்டிலிருந்து 35 டாலர் கட்டி உதவினார். கேம் உலகத்தில் எனக்குப் பிடித்த உதாரணம் சைலன்ட்ஹில்.காம். கொனாமியின் பிரபலமான திகில் கேமுக்கான முகவரி. 2022 ஜனவரியில் அங்கே போய்ப் பார்த்தவர்களுக்குக் கொனாமியின் பக்கம் கிடைக்கவில்லை. கேமின் பிராணிகளை வடிவமைத்த மசாஹிரோ இட்டோ, பிரமிட் ஹெட் பாத்திரத்தை உருவாக்கியிருக்கவே கூடாது என்று நொந்து போட்டிருந்த ட்வீட் ஒன்றுதான் இருந்தது. யாரோ செய்த குறும்பு. ஆனால் அதே வருஷம் அக்டோபரில்தான் கொனாமி புதிய சைலன்ட் ஹில் கேம்களை அறிவித்தது. அந்த நேரத்தில் எத்தனை பேர் அந்த முகவரியைத் தட்டியிருப்பார்கள்? அங்கே ட்வீட்டுக்குப் பதில் "பீட்டா இலவசம்" என்று ஒரு பட்டன் இருந்திருந்தால்?

எதற்காக வாங்குகிறார்கள், ஏன் ரசிகர் வேஷம்

பழைய முகவரிக்கு ஒரு சொத்து இருக்கிறது: அதை நோக்கி ஏற்கனவே நீட்டப்பட்டிருக்கும் லிங்க்குகள். 2000களில் வந்த விமர்சனங்கள், விக்கிகள், பழைய ஃபோரம் பதிவுகள் எல்லாம் இன்னும் அந்தக் கம்பெனியைத்தான் கைகாட்டிக்கொண்டிருக்கும். அந்த லிங்க்குகளை வைத்துக் கூகுள் அந்த முகவரிக்கு மதிப்புக் கொடுத்திருக்கும். புது முகவரியில் இந்த மதிப்பைச் சேர்க்க வருஷங்கள் ஆகும்; காலாவதியானதைப் பிடித்தால் ஒரே நாளில் கைக்கு வரும். கூகுளே 2024 மார்ச்சில் காலாவதி டொமைன் துஷ்பிரயோகம் என்று தனியாக ஒரு ஸ்பேம் விதி சேர்த்தது. ஒரு தொடக்கப்பள்ளியின் பழைய முகவரியில் கேசினோ விளம்பரம் போடுவது அவர்கள் சொன்ன உதாரணங்களில் ஒன்று. ஆங்கில விக்கிப்பீடியாவில் இப்படிக் களவு போன மேற்கோள் லிங்க்குகளைக் குறிக்கத் தனி அடையாளமே வைத்திருக்கிறார்கள்; பெரும்பாடு இந்தோனேசிய மொழிச் சூதாட்டத் தளங்களால்.

விளையாட்டு உலகத்துக்கு வெளியே இதன் முழு வடிவத்தைப் பார்க்க வேண்டுமென்றால் தி ஹேர்பின் என்ற அமெரிக்கப் பெண்கள் தளத்தைச் சொல்லலாம். 2018ல் நின்றுபோன தளம். முகவரி காலாவதியானதும் ஒருவர் வாங்கி, ஏஐ எழுதிய கட்டுரைகளைக் கொட்டி விளம்பரக் காசு பார்த்தது 2024 தொடக்கத்தில் செய்தியானது.

சரி, ரசிகர் வேஷம் எதற்கு? கம்பெனி என்றே சொல்லிக்கொண்டால் நேரடி ஆள்மாறாட்டம். புகார் வந்தால் உடனே மாட்டிக்கொள்வார்கள். ரசிகர் என்றால் ஒரு மறைப்பு கிடைக்கிறது. டொமைன் தகராறுகளைத் தீர்க்கும் யூடிஆர்பி நடைமுறையில் உண்மையான, காசு பார்க்காத ரசிகர் தளத்துக்கு ஓரளவு இடம் உண்டு. அந்த இடுக்கில்தான் நுழைகிறார்கள். நோட்பேட் பிளஸ் பிளஸ் மென்பொருளை எழுதியவர் 2024ல் இதே மாதிரி ஒரு தளத்தை ஒட்டுண்ணி என்று சொல்லி, புகார் கொடுக்கும்படி பயனர்களைக் கேட்டுக்கொண்டார். அந்தத் தளமும் தன்னை ரசிகர் தளம் என்றுதான் அறிமுகப்படுத்திக்கொண்டது.

பெயரை விட்டால் அடுத்தவர் எடுப்பார் என்பது டொமைனோடு நிற்பதில்லை. ஃபிளாப்பி பேர்ட் நினைவிருக்கிறதா? வியட்நாமின் டோங் நுயென் 2014ல் தானே நீக்கிவிட்ட கேம். 2024 செப்டம்பரில் ரசிகர்கள் என்று சொல்லிக்கொண்ட ஒரு குழு அதைத் திரும்பக் கொண்டுவருவதாக அறிவித்தது. பயன்படுத்தாமல் கிடந்த வணிகக் குறி சட்டப்படி வேறு கைக்குப் போயிருந்தது. இது போலித் தளம் இல்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் நுயென் வெளியே வந்து, எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, நான் எதையும் விற்கவில்லை, கிரிப்டோவையும் ஆதரிக்கவில்லை என்று எழுதும்வரை அவர்தான் திரும்பி வந்துவிட்டார் என்று நம்பியவர்கள் ஏராளம்.

பூர்வீகம் பார்ப்பது

போன மழைக்காலத்தில் அக்கா மகன் ஒரு லிங்க் அனுப்பினான். ஐரோப்பாவில் மூடிப்போன ஒரு சின்ன ஸ்டூடியோவின் பெயர். எது என்று சொல்லப்போவதில்லை; சொன்னால் பாதிப் பேர் போய்ப் பார்ப்பீர்கள். அவன் விவரமானவன், சும்மா அனுப்பவில்லை. "மாமா, செக் பண்ணிட்டேன், 2003லயே பதிவு பண்ணியிருக்காங்க. ஒரிஜினல்தான்" என்றான். அந்தத் தளத்தை வைத்தே வழிமுறையைச் சொல்கிறேன்.

முதலில், தளத்துக்குள் போகாமல் முகவரியை மட்டும் எடுங்கள். போனில் லிங்கை அழுத்திப் பிடித்தால் காப்பி செய்ய வரும். சாய்கோட்டுக்குப் பின்னால் இருப்பதையெல்லாம் வெட்டிவிட்டு டாட் காம் வரைக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

அதை இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் போடுங்கள். 1996லிருந்து வலைப்பக்கங்களைச் சேமித்துவரும் இடம் அது. மேலே வருஷவாரியாகக் கறுப்புக் கோடுகள் வரும். எல்லோரும் பழைய கோடு ஒன்றைத் தட்டி, "ஆமா, அந்தக் காலத்துச் சைட்தான்" என்று திருப்தியாகிவிடுவார்கள். பார்க்க வேண்டியது முதல் கோட்டையோ கடைசிக் கோட்டையோ அல்ல, நடுவில் இருக்கும் இடைவெளியை. இடைவெளிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பக்கம், உள்ளே ஒன்றிரண்டு, பின்னால் ஒரு பக்கம் என்று திறந்து பாருங்கள்.

அக்கா மகன் அனுப்பியதில் இப்படி வந்தது. 2000களின் நடுவில் அசல் ஸ்டூடியோ: பேட்ச் ஃபைல்கள், ஃபோரம், ஊழியர்களின் கிறிஸ்துமஸ் போட்டோ. அப்புறம் செய்திகள் குறைந்து, ஒரு கட்டத்தில் ஒரே பக்கம் அசையாமல் நிற்கிறது. அடுத்து ஒரு வெற்றிடம். வெற்றிடத்துக்குள் இரண்டே சேமிப்புகள்: ஒன்றில் "இந்த முகவரி விற்பனைக்கு", இன்னொன்றில் முழுக்க இந்தோனேசிய மொழியில் ஸ்லாட் சூதாட்டம், பின்னணியில் தங்க நாணயங்கள் கொட்டுகின்றன. அதற்கடுத்த சேமிப்பில் திடீரென்று பழைய லோகோவோடு "எங்கள் அன்பான ரசிகர் சமூகத்துக்கு வரவேற்கிறோம்". சூதாட்டத் தளம் நடத்திய கை அப்படியே கேம் ரசிகராக மாறியிருக்கிறது. படத்தை அவனுக்கு அனுப்பினேன். "அப்ப 2003?" என்று மட்டும் கேட்டான்.

அதுதான் ஏல வழி. பெயர் முழுதாக அழிந்து, மறுபடி யாராவது பதிவு செய்தால் பதிவுத் தேதி புதிதாகிவிடும். அப்போது பழைய கம்பெனிக்கு நேற்றைய தேதி என்று உடனே தெரிந்துவிடும். ஏலத்தில் மாறினால் 2003 என்பது 2003 என்றே இருக்கும். ஆகவே தேதி புதிதாக இருந்தால் சந்தேகம் உறுதி. தேதி பழையதாக இருந்தால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இணையத்தில் பாதிப் பேர் "டொமைன் வயசைப் பாருங்கள்" என்றுதான் அறிவுரை சொல்கிறார்கள். ஏலத்தில் பழைய பெயருக்குக் காசு கூடுதலாகக் கொடுப்பதே அந்த வயசுக்காகவும்தான்.

பதிவு விவரத்தைப் பார்க்க, டொமைன் பெயர்களை மேற்பார்வை செய்யும் ஐகேன் அமைப்பின் லுக்கப் பக்கம் போதும். முன்பு ஹூஇஸ் என்று பழகியது. 2025 ஜனவரியிலிருந்து டாட் காம் போன்ற பொது முகவரிகளுக்கு அதன் இடத்தில் ஆர்டாப் வந்துவிட்டது. தேடினால் பதிவு நிறுவனம், தேதிகள், நேம்சர்வர் எல்லாம் வரும். உரிமையாளர் பெயர் மறைத்திருந்தால் பதறாதீர்கள். 2018ல் ஐரோப்பியத் தனியுரிமைச் சட்டம் வந்ததிலிருந்து ஏறக்குறைய எல்லோருக்கும் மறைத்துத்தான் காட்டுகிறார்கள், என் வாடிக்கையாளர்களுக்கும் சேர்த்து. கடைசியாக மாற்றிய தேதியும் பெரிய ஆதாரமில்லை, சாதாரணமாகப் புதுப்பித்தாலே அது மாறும். நான் கீழே இருக்கும் புகார் மின்னஞ்சலைத்தான் குறித்து வைப்பேன். பின்னால் தேவைப்படும்.

இன்னொரு சின்ன வேலை கூகுளில். "சைட்" என்ற ஆங்கிலச் சொல், முக்காற்புள்ளி, இடைவெளி விடாமல் முகவரி, பிறகு ஒரு இடைவெளி விட்டு கேசினோ அல்லது ஸ்லாட் என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். முகப்பில் கேம் வரலாறு பேசும் தளம் உள்ளே நூற்றுக்கணக்கான சூதாட்டப் பக்கங்களை ஒளித்து வைத்திருந்தால் இங்கே வெளியே வரும். கூகுளுக்கு ஒரு முகம், வருகிறவர்களுக்கு ஒரு முகம் காட்டும் தளங்கள் இப்படித்தான் மாட்டும்.

முகவரிப் பெட்டியில் இருந்த பூட்டுப் படத்தை இன்னும் சிலர் நம்புகிறார்கள். அந்தச் சான்றிதழ் இலவசமாக, சில நிமிடத்தில், யாருக்கும் கிடைக்கும். தவறான நம்பிக்கை தருகிறது என்றுதான் குரோம் 2023ல் அந்தப் பூட்டையே எடுத்துவிட்டது. இதே கணக்கு மெயிலுக்கும் பொருந்தும். டொமைன் யார் கையில் இருக்கிறதோ அவர் அனுப்பும் மெயில் எல்லாத் தொழில்நுட்பச் சோதனையிலும் ஜோராகத் தேறிவிடும், ஏனென்றால் இப்போது அது உண்மையிலேயே அவருடைய டொமைன். "உங்கள் பழைய கணக்கைப் புதுப்பியுங்கள்" என்று கம்பெனி முகவரியிலிருந்தே மெயில் வந்தாலும், கம்பெனி உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திறங்கள்.

பக்கத்துக்குள் பார்க்க வேண்டியதை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். உண்மையான ரசிகன் எதிலாவது சண்டை போட்டிருப்பான்: இரண்டாம் பாகம் மட்டம், இந்த பேட்ச் போட்டால் சவுண்ட் போகும், ஆறாவது மிஷனில் இந்தக் காவலாளியிடம் மாட்டாதே என்று. ஐஜிஐ ஆடியவனைக் கேளுங்கள், நடுவில் சேவ் செய்ய வழி வைக்காத நார்வே ஸ்டூடியோவை இன்னும் திட்டுவான். போலித் தளத்தில் "அற்புதமான கிராஃபிக்ஸ், விறுவிறுப்பான கதை" என்று எந்த கேமுக்கும் ஒட்டும் பசை மட்டும்தான் இருக்கும். பதிவுகள் எல்லாம் ஒரே வாரத்துத் தேதியில் இருக்கும். காப்புரிமை வரியில் செத்த கம்பெனியின் பெயரும் நடப்பு வருஷமும் சேர்ந்திருக்கும். தொடர்புக்கு ஒரு படிவம் தவிர எதுவும் இருக்காது.

கடைசியாக எதிர்ப்பக்கத்திலிருந்து வாருங்கள். கேமின் உரிமை இப்போது யாரிடம் என்று ஸ்டீம், கோக் (GOG) போன்ற ஆன்லைன் கேம் கடையில் அந்த கேமின் பக்கத்தில் வெளியீட்டாளர் பெயரைப் பாருங்கள். அங்கிருந்து அவர்கள் தளத்துக்குப் போங்கள். பழைய பெயர் திரும்பி வருவதெல்லாம் மோசடி என்று நினைத்துவிடவும் கூடாது. டெல்டேல் கேம்ஸ் 2018ல் சரிந்து, அடுத்த வருஷமே எல்சிஜி என்டர்டெயின்மென்ட் அதன் பெயரையும் சில கேம்களையும் வாங்கி மறுபடி தொடங்கியது. அப்படி முறைப்படி வாங்கியவர்கள் ஊரறியச் சொல்வார்கள், பேட்டி கொடுப்பார்கள், பெயர் போட்ட ஆள் இருப்பார். "ரசிகர் குழு" என்று மொட்டையாக நிற்க மாட்டார்கள்.

டவுன்லோட் ஏற்கனவே ஆகிவிட்டதென்றால்

ஜிப் ஃபைலுக்குப் பாஸ்வேர்டு போட்டு, அந்தப் பாஸ்வேர்டைப் பக்கத்திலேயே எழுதியிருந்தால், மேலே போகாமல் அழித்துவிடுங்கள். உள்ளே இருப்பதை ஆன்டிவைரஸ் பார்க்கக்கூடாது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் எனக்குத் தெரிந்து இல்லை. ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லும் குறிப்பும் அதே வகை. இப்போது இன்னொன்று வந்திருக்கிறது: நீங்கள் மனிதர்தானா என்று சோதிக்கிறேன் பேர்வழி என்று, விண்டோஸ் பட்டனையும் ஆர் பட்டனையும் சேர்த்து அழுத்தி, எதையோ ஒட்டி, என்டர் தட்டச் சொல்வார்கள். எந்த நேர்மையான தளமும் அதைக் கேட்காது. நீங்களே உங்கள் கையால் வைரஸை ஓட்டிவிடுகிறீர்கள்.

சந்தேகம் மட்டும்தான் என்றால் வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றிப் பாருங்கள், 650 எம்பி வரை எடுத்துக்கொள்ளும். பழைய கேம்கள் பெரும்பாலும் அதற்குள் அடங்கும். ஃபைல் மேல் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸில் டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறதா என்றும் பார்க்கலாம். ஆனால் 20 வருஷத்துக்கு முந்தைய அசல் ஃபைல்கள் பலவற்றிலும் கையொப்பம் இருக்காது, அதனால் இல்லாததைக் குற்றமாக எடுக்க வேண்டாம். வேறு யாருடைய பெயரோ கையொப்பமாக இருந்தால்தான் பிரச்சினை.

நிறுவியே விட்டீர்களா? நெட்டைத் துண்டியுங்கள். வேறு போனிலிருந்தோ கம்ப்யூட்டரிலிருந்தோ முதலில் மெயில் பாஸ்வேர்டு, பிறகு ஸ்டீம், பிறகு பேங்க் என்ற வரிசையில் மாற்றுங்கள். பாஸ்வேர்டு மாற்றினால் மட்டும் போதாது. இந்த ரகத் திருட்டு மென்பொருள் நீங்கள் லாகின் செய்திருப்பதை நினைவில் வைத்திருக்கும் பிரவுசர் குக்கீகளைத் தூக்கிக்கொண்டு போகும். அது கையில் இருந்தால் பாஸ்வேர்டே வேண்டாம். ஒவ்வொரு கணக்கிலும் "எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு" என்பதைத் தேடி அழுத்துங்கள். அப்புறம் கம்ப்யூட்டரை ஃபார்மட் செய்வது உத்தமம். பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு உடனே கூப்பிடுங்கள், தாமதமாக ஆகப் பணத்தை முடக்கும் வாய்ப்புக் குறையும்.

போனில் ஏபிகே (பிளே ஸ்டோருக்கு வெளியே கிடைக்கும் ஆப் ஃபைல்) இறக்கும் பழக்கம் உள்ள வீடுகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பப்ஜியின் இந்தியப் பதிப்பான பிஜிஎம்ஐ 2022 ஜூலையில் இந்தியக் கடைகளிலிருந்து எடுக்கப்பட்டு அடுத்த மே மாதம் வரை வராமல் இருந்தபோது, எங்கள் தெருப் பையன்கள் எதை எதையோ "அஃபீஷியல்" என்று இறக்கினார்கள். கேம் கிடைக்காத காலம்தான் இந்த வியாபாரிகளுக்குத் தீபாவளி.

புகார் எப்படி எழுதுவது

"இது போலித் தளம், கம்பெனியின் பெயரைத் திருடிவிட்டார்கள்" என்று எழுதினால் பதிவு நிறுவனம் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. பெயர் உரிமைத் தகராறு என்று ஒதுக்கிவிடும். 2024 ஏப்ரல் முதல் ஐகேன் ஒப்பந்தப்படி, ஃபிஷிங் (ஏமாற்றித் தகவல் பிடுங்குவது), மால்வேர் (கெடுதல் மென்பொருள்) போன்றவற்றுக்கு ஆதாரத்தோடு புகார் வந்தால் பதிவு நிறுவனம் நடவடிக்கை எடுத்தாக வேண்டும். ஆகவே புகாரை அந்தச் சொற்களில் எழுதுங்கள். எந்த முழு முகவரியில் ஃபைல் கிடைக்கிறது, வைரஸ்டோட்டல் முடிவின் லிங்க், எந்த நேரத்தில் பார்த்தீர்கள், ஸ்கிரீன்ஷாட், இவ்வளவும் போதும். நாலு வரிக்கு மேல் கோபம் வேண்டாம். முன்னால் குறித்து வைத்த அந்தப் புகார் மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள்.

கூகுளின் சேஃப் பிரவுசிங் புகார்ப் படிவத்திலும் போடுங்கள். அது ஏற்றுக்கொண்டால் குரோம் சிவப்புத் திரை காட்டும். தளம் உயிரோடு இருந்தாலும் வியாபாரம் படுத்துவிடும். என் அனுபவத்தில் இதுதான் வேகமாகப் பலிக்கிறது.

முகவரியையே பிடுங்குவது உங்களால் முடியாது. அது கேமின் உரிமையாளர் யூடிஆர்பி வழியாகச் செய்ய வேண்டியது. பெயர் தங்கள் வணிகக் குறியைப் போலவே இருக்கிறது, எதிராளிக்கு அதில் நியாயமான உரிமை இல்லை, கெட்ட நோக்கத்தோடு பதிவு செய்து பயன்படுத்துகிறார், இந்த மூன்றையும் நிரூபிக்க வேண்டும். ஜெனிவாவில் உள்ள உலக அறிவுசார் சொத்து அமைப்பில் ஒரே நடுவர் என்றால் கட்டணம் 1500 டாலர், வக்கீல் செலவு தனி. செத்த ஸ்டூடியோவின் கேமுக்காக அவ்வளவு செலவு செய்ய யார் வருவார்கள்? இந்தத் தளங்கள் மூடிய கம்பெனிகளைத் தேடிப் பிடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். இருந்தாலும் இன்றைய உரிமையாளர் யார் என்று தெரிந்தால் அவர்களுக்கும் ஒரு மெயில் போட்டுவிடுங்கள்.

அந்தத் தளத்துக்கு லிங்க் கொடுத்திருக்கும் விக்கி, ஃபோரம் எதுவானாலும் நிர்வாகியிடம் சொல்லி, லிங்கை வேபேக் மெஷினின் பழைய சேமிப்புக்கு மாற்றச் சொல்லுங்கள். அந்த லிங்க்குகள்தான் அவர்களுடைய முதலீடே.

நீங்களே உண்மையான ரசிகர் தளம் நடத்துகிறீர்களா?

அப்படியானால் அடுத்துக் களவு போகப்போவது உங்கள் முகவரியாக இருக்கலாம். தானாகப் புதுப்பிக்கும் வசதியைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கி தானியங்கிக் கார்டு கட்டணங்களுக்குப் புது விதி கொண்டுவந்த பிறகு, வெளிநாட்டுப் பதிவு நிறுவனங்கள் பலவற்றில் இந்தியக் கார்டு சத்தமில்லாமல் நிராகரிக்கப்படுகிறது. அவர்கள் அனுப்பும் எச்சரிக்கை மெயில் ஸ்பேமில் கிடக்கும். சேர்ந்தாற்போல் ஐந்து வருஷத்துக்குக் கட்டிவிடுவது நல்லது.

பதிவுக்குக் கொடுத்த மெயில் அந்த டொமைனிலேயே இருக்கக் கூடாது. டொமைன் போனால் அதை மீட்க வேண்டிய மெயிலும் சேர்ந்து போய்விடும். குழுவில் இன்னொருவருக்கும் லாகின் தெரிந்திருக்கட்டும்.

தளத்தை மூட முடிவு செய்துவிட்டாலும் முகவரியை உடனே விடாதீர்கள். "நாங்கள் மூடிவிட்டோம், இனி இங்கே எது வந்தாலும் எங்களுடையதில்லை" என்று ஒற்றைப் பக்கம் போட்டு இன்னும் சில வருஷம் வைத்திருங்கள். வருஷத்துக்கு ஆயிரத்துச் சொச்சம்தான் ஆகும். அதற்குள் உங்களுக்கு லிங்க் கொடுத்தவர்களிடம் சொல்லி எடுக்கச் சொல்லுங்கள். அந்த டொமைன் மெயிலை வைத்துத் திறந்த கணக்குகள், டிஸ்கார்ட், யூடியூப், கிட்ஹப் என்று எது இருந்தாலும், எல்லாவற்றையும் வேறு மெயிலுக்கு மாற்றிய பிறகே கடைசிப் புதுப்பிப்பை நிறுத்துங்கள்.